வேறு வேறு ரயில்கள்

(மாணவர் வாசிப்பு வட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை பற்றிப் பேசத்தான் கூப்பிட்டீங்க. நான் ஒரு இசைப்படைப்பைப் பற்றிப் பேசப்போறேன். எனக்கு முறையான இசைப்படிப்பு கிடையாது. இது யாருடைய குரல் மேடை ஏறுகிறது என்கிற பிரச்சினை. அதனால நாமும் பேசலாம்.

ஸ்டீவ் ரைஷ் 1936-இல் நியூயார்க்கில் பிறந்த யூதர். அப்பா அம்மா பிரிந்துவிட்டார்கள். அப்பா நியூயார்க்கில், அம்மா லாஸ் ஏஞ்சல்ஸில். 1939-லிருந்து 1942 வரை வளர்ப்புத் தாதியோடு அந்தக் குழந்தை ரயிலில் போவதும் வருவதுமாக இருந்தது. பெரியவரான பிறகு ஒரு கேள்வி அவரை உலுக்குது. அதே வருஷங்கள்ல ஐரோப்பாவுல இருந்திருந்தா, யூதக் குழந்தையான நான் எந்த ரயிலில் ஏற்றப்பட்டிருப்பேன்? இந்தக் கேள்விதான் 1988-இல் ‘டிஃபரன்ட் ட்ரெயின்ஸ்’ ஆகிறது. நான்கு தந்திக் கருவிகளும் ஒலிநாடாவும். க்ரோனோஸ் குழுவுக்காக எழுதியது. ஏறக்குறைய 27 நிமிடம்.

இதில் பாடகர் இல்லை. பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எழுபது வயதைத் தாண்டிய அந்தத் தாதி. ரயிலில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கறுப்பினத் தொழிலாளி லாரன்ஸ் டேவிஸ். நாஜிகளின் யூத இன அழிப்பிலிருந்து பிழைத்து அமெரிக்காவில் குடியேறிய ரஷெல்லா, பால், ரேச்சல். இவர்கள் பேச்சிலிருந்து துண்டு துண்டாக வெட்டி எடுக்கிறார் ரைஷ். பேச்சின் ஏற்ற இறக்கத்தையே சுரமாக எழுதுகிறார். பெண் குரலை வியோலா வாசிக்கிறது, ஆண் குரலை செல்லோ வாசிக்கிறது. கவனியுங்க: கருவிக்கு ஏற்ப மனுஷன் குரலைத் திருத்தவில்லை. மனுஷன் பேசின மாதிரி கருவிதான் போகுது. கொச்சை, இலக்கணம் என்று நம் வாயைத் திருத்த வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எது? பாமா 1992-இல் ‘கருக்கு’ எழுதியபோது செய்ததும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

டேவிஸிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். அமெரிக்காவின் படுக்கை வசதி ரயில்பெட்டிகளை நடத்தியவர் ஜார்ஜ் புல்மன். உள்நாட்டுப் போருக்குப் பிறகு, விடுதலையான அடிமைகளைப் பெட்டி ஊழியர்களாகச் சேர்த்தார். படுக்கை விரிக்கணும், ஷூ துடைக்கணும், டிப்ஸை நம்பிப் பிழைக்கணும். பயணிகள் இவர்களை அழைத்த பெயர் ‘ஜார்ஜ்’. முதலாளி பெயராலேயே எல்லாரையும்! அப்பன் ஆத்தா வைத்த பேர் எங்கே போச்சு? நமக்கு இது புதுசா? 1925-இல் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கட்டினார்கள். பன்னிரண்டு வருஷப் போராட்டம். 1937-இல்தான் கம்பெனி கையெழுத்துப் போட்டது. அந்த வர்க்கத்தின், அந்த நிறத்தின் குரல் ஒன்று செல்லோவுக்குச் சுரம் தருகிறது.

படைப்புக்கு மூன்று பாகம். முதலாவதில் போருக்கு முந்தைய அமெரிக்கா. நீண்டு ஒலிக்கிற ரயில் ஊதல். இரண்டாவதில் போர்க்கால ஐரோப்பா. ஊதல் கிறீச்சிடுது, அபாயச்சங்கு அலறுது, ஆட்களை மாட்டுப் பெட்டியில் அடைக்கிறார்கள். மூன்றாவதில் போர் முடிந்தது. ஆனால் முடிந்ததை நம்பமுடியாத குரல். பிழைத்தவர்கள் அமெரிக்கா வந்து சேர்கிறார்கள். ஊர் பெயர்கள் மறுபடி வருகின்றன. ரயில் மறுபடி அமெரிக்க ரயில்தான். ஆனா அதில் உட்கார்ந்திருக்கிற ஆள் பழைய ஆள் இல்லை. குடியேறியவன் மூட்டையில் கொண்டுவருவது துணியை மட்டுமல்ல.

எனக்கு ஒரு விமர்சனமும் உண்டு. பேசியவர்கள் அவர்கள், வெட்டியது ரைஷின் கை. ஒரு முழு வாழ்க்கையில் சில சொற்கள்தான் மேடைக்கு வந்தன. எதை வைப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கிற அதிகாரம் பேசினவங்களிடம் இல்லை. நம் பாட்டன் பாட்டியிடம் டேப்ரிக்கார்டர் நீட்டும் தோழர்களும் இதை யோசிக்கணும்.

கடைசி நினைவு ஒரு சிறுமியைப் பற்றியது. நல்ல குரல் அவளுக்கு. ஜெர்மானியர்கள் அவள் பாட்டை விரும்பிக் கேட்டார்களாம், கைதட்டினார்களாம். அத்தோடு முடியுது. அப்புறம் அவள் என்ன ஆனாள் என்று படைப்பு சொல்வதில்லை.

பாட்டை ரசிக்கிறவன் பாடுகிறவளை மனுஷியா மதிக்கிறான்னு எந்த உத்தரவாதமும் கிடையாது தோழர்களே. நம் பறையைக் கேட்டுக் கைதட்டுகிறார்கள். சந்தோஷம். தட்டி முடித்த கை அப்புறம் என்ன செய்கிறது என்று பாருங்கள்.