காருக்குள் தேங்கும் தண்ணீர்



ராத்திரி நல்ல மழை. காலையில் காரில் ஏறிக் காலை வைத்தால், மேட் சொதசொதவென்று இருக்கிறது. பத்துப் பதினைந்து வருஷமான கார் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய சங்கதி. பெரிய செலவு என்று கலங்க வேண்டாம்.

முதலில் அந்தத் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் அது கூலன்ட், மெக்கானிக்கிடம் போய்விடுங்கள். மழையில்லாத நாளிலும், ஏசி போட்டபின் டிரைவருக்கு இடப்பக்கம் நனைந்தால், பெரும்பாலும் ஏசி தண்ணீர் வெளியேறும் டியூப் அடைத்திருக்கும்.

மழைத் தண்ணீர் என்றால், பானட்டைத் திறந்து வைப்பருக்கு அடியில் பாருங்கள். வேப்பஞ்சருகும் மண்ணும் சேர்ந்து, தண்ணீர் இறங்கும் துவாரத்தை மூடியிருக்கும். கையாலேயே அள்ளிவிடலாம். காசு செலவில்லை.

அப்படியும் நிற்கவில்லையா? கதவு ரப்பரின் உள் ஓரத்தில் முகப்பவுடர் தூவுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். இன்னொருவர் ஹோஸ் பைப்பால் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இடமாகத் தண்ணீர் விடட்டும். நீர் வந்த வழி பவுடரில் கோடாகத் தெரியும். அந்த ரப்பரை மட்டும் மாற்றினால் போதும்.

பிறகு மேட்டையும் அடியிலுள்ள பஞ்சையும் வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். ஈரம் நின்றால் தரைத் தகடு துருப்பிடிக்கும். அப்புறம் வெல்டிங் வேலைதான். செலவு பல மடங்கு.

அடுத்த மழைக்குக் காத்திருக்காதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே பானட்டைத் திறந்து, அந்தச் சருகை அள்ளிவிடுங்கள்.