பிள்ளைகளின் அச்சமும் தொழிலதிபர் கடமையும்



"படித்து முடிப்பதற்குள் எனக்குரிய வேலையை எந்திரம் எடுத்துக்கொள்ளுமா?" என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்கும் காலம் வந்துவிட்டது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி மக்கள் கைக்கு வந்த பின்னர், கட்டுரை எழுதவும் கணக்குப் போடவும் படம் வரையவும் வல்ல கருவிகளைப் பிள்ளைகள் கைப்பேசியிலேயே காண்கின்றனர். பல்லாண்டு முயன்று கற்க வேண்டியதை அவை நொடியில் முடிக்கக் கண்டு மருள்கின்றனர். இதனைச் சிறுபிள்ளைப் பேச்சென்று தள்ளுதல் தகாது. அஞ்சத் தக்கதற்கு அஞ்சுவதை அறிவின் பாற்பட்டதாகவே வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் வைத்துள்ளார்.

அச்சத்திற்குக் காரணமும் உண்டு. உலகிலுள்ள வேலைகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு செயற்கை நுண்ணறிவின் தாக்கத்திற்கு உட்படும் எனப் பன்னாட்டு நிதியம் 2024 ஜனவரியில் மதிப்பிட்டது. தாக்கம் என்பது அழிவன்று. சில வேலைகள் எளிதாகும், சில குறையும். 2030க்குள் 9 கோடியே 20 லட்சம் வேலைகள் மறையும், 17 கோடி வேலைகள் புதிதாகத் தோன்றும் என்பது உலகப் பொருளாதார மன்றத்தின் 2025ஆம் ஆண்டுக் கணிப்பு. ஆயினும், மறையும் வேலையில் இருப்பவர் தோன்றும் வேலைக்குத் தாமே போய்ச் சேர்ந்துவிடுவதில்லை. இடையே ஒரு பாலம் வேண்டும். அதனைக் கட்டும் பொறுப்பு முதலில் தொழில் நடத்துவோரைச் சார்ந்தது.

நூல்களோடு உறவுடையோர் இதனைக் கண்ணெதிரே கண்டவர்கள். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கிய அச்சுக்கோப்பாளர்களின் கையால் தமிழ் நூல்கள் பிறந்தன. பின்னர் அச்சகங்களில் கணிப்பொறி புகுந்தது. நூல் வெளியீடு எளிதாயிற்று. ஆனால், விசைப்பலகை கற்கும் வாய்ப்புப் பெற்ற தொழிலாளர் புதிய தொழிலிலும் நிலைத்தனர். வாய்ப்பற்றோர் கைத்தொழிலை இழந்து நின்றனர். எந்திரம் ஒன்றே, வாய்ப்பே இரு சாராரையும் வேறுபடுத்திற்று.

வங்கிகளின் வரலாறு வேறொரு பாடம் தருகிறது. கணிப்பொறியை எந்த அளவில், எந்தப் பணிகளில் புகுத்தலாம் என்பது குறித்து 1983, 1993ஆம் ஆண்டுகளில் இந்திய வங்கி நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் உடன்பாடு கண்டன. வரப்போவது இன்னதென்று ஊழியர் முன்னரே அறிய முடிந்தது.

அண்மைக் காலத்திலும் சான்று உண்டு. சுவீடனில் தோன்றிய ஐக்கியா என்னும் அறைகலன் நிறுவனம், அழைப்பு மையங்களுக்கு வந்த கேள்விகளில் ஏறக்குறையப் பாதியைப் 'பில்லி' என்ற கருவியிடம் ஒப்படைத்தது. அம்மையங்களின் பணியாளர் 8,500 பேருக்கு வீட்டு உள்ளலங்கார ஆலோசகராகும் பயிற்சியை 2021 முதல் அளித்ததாக 2023இல் அறிவித்தது.

இவற்றிலிருந்து தொழிலதிபர்க்கு மூன்று கடமைகள் புலனாகின்றன. முதலாவது, உண்மை உரைத்தல். "ஒன்றும் ஆகாது" என்பதும் பொய். "எல்லாம் போய்விடும்" என்பதும் பொய். கதிரியல் மருத்துவர்களை இனிப் பயிற்றுவிக்க வேண்டியதில்லை என்று 2016இல் ஜெஃப்ரி ஹின்டன் போன்ற பேரறிஞரே கூறினார். அவர் குறித்த ஐந்தாண்டுகள் கடந்தும் அம்மருத்துவர் தேவை குறையவில்லை. அச்சொல்லை நம்பி அத்துறையைக் கைவிட்ட மாணவன் இருந்தால் அவன் இழப்பை யார் ஈடுசெய்வது?

இரண்டாவது, பணிநீக்கத்திற்கு முன்னே பயிற்சி. கருவி வாங்க ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, அக்கருவியால் இடம்பெயர்வோர்க்கு ஒதுக்குதல் வேண்டும்.

மூன்றாவது, இளையோர்க்கு வாயிலைத் திறந்துவைத்தல். தொடக்க நிலைப் பணிகளையெல்லாம் எந்திரத்திடம் கொடுத்துவிட்டால் நாளைய வல்லுநர் எங்கிருந்து வருவர்? 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டமும் அதன் விதிகளும், 30 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்கள் பழகுநரைச் சேர்க்க வேண்டுமென்கின்றன. அதனைச் சட்டச் சுமையாகக் கருதாது வருங்காலத்திற்கு இடும் விதையாகக் கருதுவோரே தொழிலதிபர் என்னும் பெயர்க்கு உரியர்.

பள்ளி விழாவில் தொழிலதிபர் ஆற்றும் ஊக்கவுரையைப் பிள்ளைகள் மறுநாளே மறந்துவிடக்கூடும். மாலையில் வேலையிலிருந்து திரும்பும் தாய் தந்தையரின் முகத்தையோ அவர்கள் நாள்தோறும் படிக்கின்றனர். அம்முகத்தில் கலக்கம் இருக்கையில் எந்த அறிவுரையும் பிள்ளையின் செவியில் ஏறாது. அங்கே தெளிவு தோன்றச் செய்யும் ஆற்றல் தொழிற்கூடத்தை நடத்துவோர் கையில் உள்ளது. பிள்ளைகளின் அச்சம் தணிவதும் அங்கிருந்தே தொடங்கும்.