சிறு வயதுப் பயமும் பெரிய வயது மறதியும்

(ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிள்ளைகளே, முதலில் உங்களோடு பேசுகிறேன். கனடா தினத்தன்று வாணவெடிச் சத்தம் கேட்டதும் அப்பாவோ அம்மம்மாவோ திடுக்கிடுவதைக் கண்டிருப்பீர்கள். நேற்றுச் சொன்னதை மறந்துவிடுகிறவர்கள், ஊரைவிட்டு ஓடிய ஓர் இரவை மட்டும் ஒன்றும் விடாமல் சொல்வதையும் கேட்டிருப்பீர்கள். இதை விசுவாசக் குறைவு என்று எண்ணவேண்டாம். சிறு வயதில் பட்ட பயம் மூளையில் விட்ட தழும்பாக அது இருக்கலாம்.

பயம் வந்தால் உடம்பு என்ன செய்கிறது? சிறுநீரகங்களுக்கு மேலே தொப்பி போல இருக்கும் சுரப்பிகள் கோர்ட்டிசோல் என்ற இரசாயனத்தை இரத்தத்தில் விடுகின்றன. ஓடித் தப்ப அது உதவும். ஆபத்து நீங்கியதும் "போதும், நிறுத்து" என்று சொல்ல மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி உதவுகிறது. புதிய விஷயங்களை நினைவில் பதிப்பதற்கும் அதே பகுதிதான் வேண்டும். நாள்தோறும் பயத்தில் வளரும் பிள்ளைக்கு இந்த இரசாயனத்தின் அளவு குழம்பிப்போகலாம். நினைவைக் காக்கும் பகுதியும் அதனால் பாதிக்கப்படலாம்.

இதை நம் ஊர்ப் பிள்ளைகளிடமே ஆராய்ந்திருக்கிறார்கள். இலங்கையில் போர் பாதித்த மாகாணங்களில் 420 பாடசாலை மாணவர்களிடம் செய்த ஆய்வு 2009இல் வெளியானது. அவர்களில் 92 வீதமானோர் செல்லடி, குண்டுவீச்சு, அன்பானவரின் சாவைக் கண்ணால் காண்பது போன்ற கொடுமைகளை அனுபவித்திருந்தார்கள். நால்வரில் ஒருவருக்கு ஆழமான மனக்காயம். அந்தப் பிள்ளைகளுக்கு நினைவாற்றலும் படிப்பும் குறைந்திருந்தன. அப்படிப்பட்ட நாட்களில் பிள்ளைகளாக இருந்தவர்கள்தான் இன்று இந்த வாங்குகளில் நம் பக்கத்தில் இருக்கிறார்கள்.

ஆனால் நல்ல செய்தியும் உண்டு. அது இங்கிருந்து காரில் ஐந்தாறு மணி நேரத்தில் இருக்கும் மொன்றியலில் இருந்து வருகிறது. மக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கல் மீனி என்ற விஞ்ஞானியும் கூட இருந்தவர்களும் எலிகளைக் கவனித்தார்கள். சில தாய் எலிகள் குட்டிகளை அடிக்கடி நக்கிக் கொடுக்கும். சில அவ்வளவாகச் செய்யாது. அதிகம் நக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்தபோது பயம் குறைவாக இருந்தது. பயத்தின் இரசாயனமும் விரைவாக அடங்கியது. கவனிப்புக் குறைந்த தாய்க்குப் பிறந்த குட்டியை மற்றத் தாயிடம் வளர விட்டார்கள். அதுவும் அமைதியாக வளர்ந்தது. அரவணைப்பு மூளைக்குள்ளேயே போய் வேலை செய்கிறது.

வேதத்தில் எலியாவை நினைத்துப் பாருங்கள். யேசபேலுக்குப் பயந்து ஓடி, சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தவர். கர்த்தர் உடனே அவரைக் கேள்வி கேட்கவில்லை. தூதன் வந்து தொட்டு எழுப்பினான். சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. மறுபடி நித்திரை கொள்ளவும் விட்டான். தொடுதல், சாப்பாடு, நித்திரை. கேள்வி பிறகுதான் வந்தது.

பெற்றோரே, பிள்ளைமேல் கை ஓங்காதீர்கள். வடகிழக்கில் செய்த இன்னோர் ஆய்வு, போரைப் போலவே வீட்டில் வாங்கும் அடியும் பிள்ளையின் மனக்காயத்தைக் கூட்டுகிறது என்று காட்டியது. நாம் தப்பி வந்த பயத்தை நம் வீட்டுக்குள் திரும்ப விடலாமா?

பிள்ளைகளே, அம்மம்மா ஒரே கேள்வியை மூன்றாம் தரம் கேட்டால் மூன்றாம் தரமும் அன்பாகப் பதில் சொல்லுங்கள். பக்கத்தில் இருந்து கையைப் பிடியுங்கள்.

பெரியவர்களே, எல்லா மறதியும் பயத்தால் வருவதில்லை. நித்திரை இல்லை, கெட்ட கனவு, மறதி என்றால் குடும்ப வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வைத்தியரிடம் போவதால் ஜெபம் குறைந்துவிடாது.

சமாதானத்தின் தேவன் நம் வீடுகளைப் பயமில்லாத வீடுகளாக்குவாராக. ஆமென்.