பல்கனியில் ஒரு சேர்ட்



மொஸ்கோவில் நான் மாணவனாயிருந்த காலத்தில் எங்கள் விடுதி அறையில் ஒரு வொஷிங் மெஷின் இருந்தது. வசதியாக வாழ்ந்தவன் என்று எண்ணிவிடாதீர்கள். படிப்பு முடிந்து ஊர் திரும்பிய ஒருவர் விட்டுச் சென்ற சாமான் அது. பெயர் ‘மல்யூத்கா’. ரஷ்ய மொழியில் சின்னஞ்சிறுசு என்று பொருள். ஒரு ஆள் தனியே தூக்கலாம்.

தண்ணீரை நாங்களே வாளியால் ஊற்றவேண்டும். சுடுதண்ணீர் தேவையென்றால் சுடுதண்ணீராகவே ஊற்றவேண்டும். உட்சுவரில் ஒரு தட்டுச் சுழலும், அவ்வளவுதான் இயந்திரம். இரண்டு சேர்ட்டும் ஒரு களிசானும் போட்டால் வயிறு நிறைந்துவிடும். சில நிமிடத்தில் நின்றுவிடும். திறந்து பார்த்தால் கைகளும் கால்களும் பின்னிக் கிடக்கும். குழாயைக் கீழே தாழ்த்தினால் அழுக்குத் தண்ணீர் வடியும். அலசுவதும் பிழிவதும் எங்கள் பாடு. படுக்கை விரிப்பென்றால் ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்குவோம்.

சவர்க்காரம் மண்ணிறக் கட்டி. கொழுப்பமில அளவைக் குறிக்க 72% என்று அதிலே பொறித்திருக்கும். கரட் துருவியில் துருவிப் போடுவோம். வெள்ளவத்தையில் கிழமைக்கொரு தரம் உடுப்பு மூட்டையைத் தூக்கிச் சென்றவரின் முதுகைப் பற்றி நான் முதன்முதலாக நினைத்தது அந்தத் துருவியைப் பிடித்தபோதுதான்.

மார்கழியில் பல்கனிக் கொடியில் போட்டால் ஈரம் உடனே உறைந்துவிடும். சேர்ட் அட்டைபோல் விறைத்து நிற்கும். ஆனாலும் காயும். பனிக்கட்டி தண்ணீராகாமலே ஆவியாகிப் போகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை நான் அங்கேதான் கண்ணால் கண்டேன்.

1983 ஜூலையில் எங்கள் வெள்ளவத்தை வீடு எரிந்தது. அம்மாவும் தங்கையும் அகதிகளாகக் கப்பலில் காங்கேசன்துறை போய்ச் சேர்ந்தார்கள் என்று பல வாரம் கழித்துக் கடிதம் வந்தது. எல்லாம் போய்விட்டது, நீ படி என்று எழுதியிருந்தார் அம்மா.

எல்லாம் போகவில்லை. என் பெட்டிக்கடியில் அம்மாவின் அலுமாரியிலிருந்து எடுத்து வந்த நீலச் சேர்ட் ஒன்று இருந்தது. நான் அதை உடுத்ததுமில்லை, தோய்த்ததுமில்லை. பூச்சி உருண்டையும் பழைய மரமும் சேர்ந்த அந்த அலுமாரியின் மணம் அதில் இருந்தது. இரவில் எப்போதாவது எடுத்து முகர்ந்து பார்ப்பேன். வெட்கத்தால் எவருக்கும் சொல்லவில்லை.

அந்த மார்கழியில் எனக்குக் காய்ச்சல். அறைத்தோழன் எத்தியோப்பியன், என் உடுப்புகளையும் தானே தோய்க்கிறேன் என்று நின்றான். நான் உறங்கிவிட்டேன். விழித்தபோது பல்கனிக் கண்ணாடிக்கு அப்பால் அந்த நீலச் சேர்ட் இரு கைகளையும் விரித்து விறைத்து நின்றது.

“பெட்டிக்குள் கசங்கிக் கிடந்தது, மணமும் ஒரு மாதிரி. இரண்டு தரம் போட்டேன்” என்றான். துருவியதில் அவன் விரலிலே காயம்.

“ஸ்பசீபா” என்றேன். நன்றி என்பதற்கு அவர்களுடைய சொல் அது.

மறுநாள் அவனே அதை மினுக்கித் தந்தான். உடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.