அரிசி இருக்கிறது, ஊட்ட ஆளில்லை

(குறுவள மையக் கூட்டத்தில் ஒரகடம் பகுதி அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

சிறு குழந்தைகளின் ஊட்டச்சத்து பற்றிப் பேசச் சொன்னார்கள். எதைச் சாப்பிட வேண்டும் என்ற பட்டியல் நமக்குத் தெரியும். முருங்கைக்கீரை, முட்டை, கேழ்வரகு, வேர்க்கடலை என்று அறிவியல் பாடத்தில் நாமே நடத்துகிறோம். அந்தப் பட்டியலை ஒப்பிக்கத் தெரிந்த தாயின் குழந்தையும் ஏன் மெலிந்திருக்கிறது? அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை நம் பள்ளிகளைச் சுற்றி என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-லிருந்து ஒரகடத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள் ஆலைகள் வரிசையாக வந்தன. வேலையும் மாதச் சம்பளமும் வந்தன. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஏரிப் பாசனம் பொய்த்த வருடங்களில் இந்த ஊர்கள் எப்படி இருந்தன என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ரேஷனில் 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். துவரம் பருப்பும் பாமாயிலும் மலிவு விலைக்குக் கிடைக்கின்றன. ஆனாலும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட 100 குழந்தைகளில் 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாலு வருடம் முந்தைய கணக்கில் அது 27.1. இறங்கியது அவ்வளவுதான். ரத்தசோகையோ ஏறியிருக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 50.7 சதவீதமாக இருந்தது 57.4 ஆகிவிட்டது. வயிறு நிறைய அரிசி கிடைக்கும் மாநிலத்தில் ரத்தம் குறைந்துகொண்டு போகிறது.

காரணத்தை நான் கடிகாரத்தில் தேடுகிறேன். காலை ஷிப்ட் 6 மணிக்கு என்றால் கம்பெனி பஸ் நாலரைக்கெல்லாம் நிறுத்தத்துக்கு வந்துவிடும். தாய் மூன்று மணிக்கு எழுந்து சோறு வடித்து, ஒரு குழம்பு வைத்துவிட்டு ஓடுகிறாள். ஒரு வயதுக் குழந்தையின் வயிறு சின்னது. மூன்று நாலு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக, வேடிக்கை காட்டி ஊட்ட வேண்டும். வேளைக்கு அரைமணி நேரமாவது ஆகும். அந்த அரைமணி நேரம் யாரிடம் இருக்கிறது? திருவண்ணாமலையிலோ விழுப்புரத்திலோ பாட்டி இருக்கிறாள். இங்கே இருப்பது அக்கா. என் வகுப்பில் ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி வாரத்தில் இரண்டு நாள் வர மாட்டாள். விசாரித்தபோது அவள் அம்மா சொன்னது இது: "சோறு ஆக்கி வச்சுட்டுத்தான் டீச்சர் போறேன். அத எடுத்து அது வாயில வைக்கத்தான் ஆளில்ல." அழுகிற தம்பிக்கு அந்தப் பெண் தெரிந்ததைச் செய்கிறாள். ஐந்து ரூபாய் பாக்கெட் ஒன்றைப் பிரித்துக் கையில் கொடுக்கிறாள், அல்லது டீயில் தொட்டு பிஸ்கட். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது என்று பத்து வயதுப் பிள்ளைக்கு யார் சொல்வது?

அடுத்தது வாடகை. வயலாக இருந்த இடத்தில் இன்று லைன் வீடுகள். ஒற்றை அறை, ஒரு அடுப்பு, பத்து குடித்தனத்துக்கு ஒரு குழாய். முருங்கை மரம் இல்லை, கோழி இல்லை, வரப்பில் பறித்த கீரை இல்லை. எல்லாமே காசு கொடுத்து வாங்க வேண்டியவை. மாதம் பிறந்ததும் வாடகையும் சீட்டுப் பணமும் போய்விடும். மீதியில் முதலில் குறைவது பாலும் முட்டையும்தான். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: அங்கன்வாடி எங்கே இருக்கிறது, யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாது.

சட்டம் இல்லாமல் இல்லை. மகப்பேறு நலச் சட்டம் 2017-ல் திருத்தப்பட்டபோது 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு என்றும், 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் வந்தது. ஆனால் முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். கர்ப்பம் தெரிந்ததும் நின்றுவிட்டு, பிறகு வேறொரு காண்ட்ராக்டரிடம் சேரும் பெண் அந்த விடுப்பைப் பார்ப்பதே இல்லை. காப்பகம் இருந்தாலும், விடிவதற்கு முன் நிற்கும் பஸ்ஸில் கைக்குழந்தையோடு ஏற முடியுமா?

மேல்நிலை வகுப்பு ஆசிரியர்களே, உங்களிடம் ஒன்று. அந்தத் தாய் நேற்று உங்கள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தவள். 18 வயது முடிந்ததும் ஆலைக்குப் போனாள். நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தம் குறைந்த தாய்க்கு எடை குறைந்த குழந்தை பிறக்க வாய்ப்பு அதிகம். வாரம் ஒருநாள் நாம் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை எத்தனை பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே எறிகிறார்கள் என்று நமக்குத் தெரியும். சாப்பிட்ட பிறகு, நம் கண்ணெதிரே விழுங்கச் செய்வது பதிவேட்டில் கையெழுத்து போடுவதைவிட முக்கியம்.

2022 செப்டம்பர் 15-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் நம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் முகத்தை மாற்றியிருக்கிறது. காலை இரண்டாம் பாடவேளையில் தலை தொங்கும் பிள்ளைகள் இப்போது குறைவு. ஆனால் கருவில் உருவானது முதல் இரண்டு வயது வரையிலான 1,000 நாட்களில் இழந்த உயரத்தை ஒன்றாம் வகுப்பு உப்புமா திருப்பித் தராது. ஆகவே நம் கண் வகுப்பிலிருக்கும் பிள்ளையோடு நிற்கக் கூடாது. அவன் வீட்டில் இருக்கும் தம்பி தங்கையைப் பற்றியும் கேட்க வேண்டும்.

எங்கள் பள்ளியில் சேர்க்கையின்போது இப்போது ஒரு கேள்வி சேர்த்திருக்கிறோம்: "வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா? பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" பதிலை அன்றே அங்கன்வாடிப் பணியாளருக்குச் சொல்லிவிடுவோம். அங்கன்வாடியில் சேர ரேஷன் கார்டு தேவையில்லை, இந்த ஊர்க்காரராக இருக்க வேண்டியதும் இல்லை என்று பெற்றோரிடம் சொன்னால் பாதிப் பேர் ஆச்சரியப்படுகிறார்கள். ஆறு மாதத்திலிருந்து சத்துமாவு உண்டு என்பதும் பலருக்குப் புதிய செய்தி. பெற்றோர் கூட்டத்தை ஞாயிறு காலை 11 மணிக்கு மாற்றினோம். நைட் ஷிப்ட் முடித்தவர்கள் கொஞ்சம் தூங்கிவிட்டு வருகிறார்கள். அங்கன்வாடி நேரத்தைக் கூட்டித் தரும்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு ஊராட்சிக்குக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை, அடுத்த கூட்டத்தில் திரும்பக் கேட்போம்.

அடுத்து எங்கள் ஊர் அங்கன்வாடிப் பணியாளர் பேசுவார். எடைத் தராசையும் வளர்ச்சி அட்டையையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். அட்டையில் கோடு எங்கே இறங்குகிறது என்று படிக்கப் பத்து நிமிடம் போதும்.