மனந்திரும்பிய பின்னும்



ஒருவன் மனந்திரும்பிக் கிறிஸ்துவை விசுவாசித்த பின்னரும் பாவத்தோடு போராட வேண்டியிருக்குமா? விசுவாசிகள் பலர் இக்கேள்வியை வெளியே கேட்பதில்லை. தனிமையில் தம்மையே கேட்டுக்கொள்கின்றனர். பழைய கோபமும் பொறாமையும் மீண்டும் தலைதூக்கும்போது, ‘நான் மனந்திரும்பியது மெய்தானா?’ என்னும் ஐயம் அவர்களை வாட்டுகின்றது.

ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தில், விரும்பிய நன்மையைச் செய்ய இயலாமல் வெறுத்த தீமையைச் செய்யும் மனிதனின் புலம்பலைப் பவுல் அப்போஸ்தலர் வரைகிறார். அந்த மனிதன் யார்? கிருபையை இன்னும் அடையாதவன் என்றே அகஸ்தீன் முதலிற் கருதினார். முதுமையில் அக்கருத்தை மாற்றிக்கொண்டு, விசுவாசியின் குரலும் அதுவே என்றார். மார்ட்டின் லூதர் அவ்வழியே சென்றார். ஜான் வெஸ்லியோ அகஸ்தீனின் முதற்கருத்தையே கொண்டார். ஆயினும், விசுவாசியினிடத்திற் பாவம் அரசாளாவிடினும் எஞ்சியிருக்கின்றது என்று 1763ஆம் ஆண்டுப் பிரசங்கமொன்றில் அவரும் போதித்தார். வேதவாக்கியத்தின் பொருளில் வேறுபட்டோரும் அனுபவத்தில் ஒன்றுபட்டனர் என்பது கவனிக்கத்தக்கது.

ஆனால், போராட்டத்தைவிட அஞ்சத்தக்க நிலை ஒன்றுண்டு. அதற்கு ஜான் நியூட்டனின் வாழ்க்கையே சான்று.

ஆங்கிலேய மாலுமியாகிய நியூட்டன், 1748ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அத்திலாந்திக் கடலில் கடும்புயலிற் சிக்கினார். கப்பல் மூழ்கும் தறுவாயில் ஆண்டவரின் இரக்கத்தை நாடினார். அந்நாளை ஆயுள் முழுவதும் நன்றியுடன் நினைவுகூர்ந்தார். தெய்வநிந்தையான பேச்சை விட்டொழித்தார்; வேதத்தைக் கருத்துடன் வாசித்தார். அதன் பின்னரே, 1750 முதல் 1754 வரை, அடிமைக் கப்பல்களின் தலைவராக மும்முறை பயணஞ் செய்தார். மேற்றளத்திலே ஞாயிறு ஆராதனை. கீழ்த்தளத்திலே விலங்கிடப்பட்ட ஆபிரிக்க மக்கள். தம் நாவின் பாவத்தை உணர்ந்தவர், தம் தொழிலின் பாவத்தை உணரவில்லை. அவர் கடலை விட்டதற்கு உடனடிக் காரணமும் நோயே; மனச்சாட்சியின் கண்டனமன்று.

பின்னர் 1764இல் அவர் குருவானவரானார். மனந்திரும்பி நாற்பது ஆண்டுகள் சென்றபின், 1788இலேதான் அடிமை வணிகத்தைக் கண்டித்து நூலொன்றை வெளியிட்டார். தம் அறிக்கை காலந்தாழ்ந்தது என்பதை அதில் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். தாம் கண்டவற்றை அதிகாரிகளின் விசாரணையிலும் சாட்சியாக உரைத்தார். பிரித்தானியப் பாராளுமன்றம் அவ்வணிகத்தைத் தடைசெய்த 1807ஆம் ஆண்டின் இறுதியில் அவர் காலமானார்.

இதிலிருந்து நாம் அறிவதென்ன? எந்தப் பாவத்தோடு நியூட்டன் போராடினாரோ, அது அவரைவிட்டு அகன்றது. எதனோடு போராட்டமே எழவில்லையோ, அதுவே மற்றோருக்குப் பெருங்கொடுமையாய் விளைந்தது. ஆகவே, உள்ளத்திற் போராட்டம் இருப்பது விசுவாசம் செத்துவிட்டதற்கு அடையாளமன்று. அது உயிரோடிருப்பதற்கு அடையாளம். விழித்திருக்கும் வீட்டிலேதான் கள்வனோடு கைகலப்பு நேரும். உறங்கும் வீட்டில் அமைதி நிலவும், பொருளோ பறிபோகும்.

பழைய பாவத்தோடு இன்னும் மல்லாடும் அன்பர் மனந்தளர வேண்டியதில்லை. மாறாக, தமக்குப் போராட்டமே இல்லை என்று நிம்மதி கொள்பவர், தம்மால் வருந்துவோர் எவரேனும் உளரோ என்று ஒருமுறை தம் வீட்டையும் தொழிலையும் உற்றுநோக்குவாராக. மனந்திரும்புதல் ஒரு நாளிலே தொடங்கலாம். ஒரு நாளிலே முடிந்துவிடுவதில்லை.