தேன் பெட்டியை நகர்த்துவது எப்படி?



ஹைதராபாத் நகரின் ஓரத்தில் இராஜேந்திரநகர் என்ற பகுதி இருக்கிறது. அங்கே தேசிய ஊரக வளர்ச்சி மற்றும் பஞ்சாயத்து ராஜ் நிறுவனம் இருக்கிறது. அதன் வளாகத்தில் 1999-ஆம் ஆண்டு ஒரு கிராமியத் தொழில்நுட்பப் பூங்கா அமைக்கப்பட்டது. கிராம மக்கள் பிழைப்புக்குக் கற்றுக்கொள்ளக் கூடிய பல தொழில்களை அங்கே சொல்லித் தருகிறார்கள். தேனீ வளர்ப்பும் அவற்றில் ஒன்று.

தேனீ வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு முதல் கோடையிலேயே ஒரு சோதனை வரும். அது என்ன?

ஹைதராபாத் பக்கத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். தை மாதத்தில் இதமாக இருந்த இடம் சித்திரையில் அடுப்பாகக் கொதிக்கும். பெட்டிக்குள் மெழுகு இளகும். தேனடை அறுந்து விழும். நம் நாட்டு இந்தியத் தேனீக்கு இந்த வெப்பம் பொறுக்காது. ராணியோடு கூட்டமாகப் பெட்டியை விட்டே பறந்து போய்விடும். அப்போது வளர்ப்பவருக்கு மிஞ்சுவது வெறும் பெட்டிதான்.

ஆகவே பெட்டியை நிழலுக்கு மாற்ற வேண்டும். 20 அடி தூரத்தில் ஒரு புங்க மரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். “இருபது அடிதானே! தூக்கி வைத்தால் போகிறது” என்றுதான் யாருக்கும் தோன்றும். இரவோடு இரவாகத் தூக்கி வைத்துவிடுவார்கள்.

மறுநாள் காலையில் என்ன நடக்கும்? தேனீக்கள் வழக்கம்போல் பூவைத் தேடிப் போகும். திரும்பி வரும்போது புங்க மரத்துக்குப் போகாது. பெட்டி முன்பு இருந்த இடத்துக்கே வரும். அங்கே பெட்டி இருக்காது. தேனீக்கள் அந்த வெற்றிடத்தைச் சுற்றிச் சுற்றி வரும். களைத்துப் போய்த் தரையில் உட்காரும். எறும்பும் பல்லியும் அவற்றைப் பிடிக்கும். பல தேனீக்கள் விடிவதற்குள் செத்துவிடும். பெட்டி 20 அடி தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது அவற்றுக்குத் தெரியாது.

ஏன் இப்படி? தேனீ பெட்டியை நினைவில் வைப்பதில்லை. இடத்தைத்தான் நினைவில் வைக்கிறது.

வேலைக்காரத் தேனீ பூக்கும் காலத்தில் சுமார் 6 வாரம் உயிர் வாழும். முதல் 3 வாரம் கூட்டுக்குள்ளேயே வேலை செய்யும். அறைகளைச் சுத்தம் செய்யும். புழுக்களுக்கு உணவு ஊட்டும். அடை கட்டும். பிறகுதான் பூவுக்குப் போகும். அதற்கு முன் இளம் தேனீ வாசலுக்கு வெளியே வந்து, பெட்டியைப் பார்த்தபடி இடமும் வலமுமாகப் பறக்கும். பிறகு வட்டம் பெரிதாகும். மரம், சுவர், வேலி, சூரியன் இருக்கும் திசை எல்லாவற்றையும் மனத்தில் பதித்துக்கொள்ளும். அதன்பின் தினமும் அந்த இடத்துக்கே திரும்பி வரும்.

தேனீக்கள் ஆடும் நடனத்துக்குப் பொருள் கண்டவர் கார்ல் வான் ஃபிரிஷ் என்ற விஞ்ஞானி. அதற்காக 1973-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். பூ எந்தத் திசையில் இருக்கிறது, எவ்வளவு தூரம் என்று தேனீ நடனமாடிச் சொல்லும். அந்தக் கணக்கு தன் கூட்டிலிருந்துதான் தொடங்கும். வீடு இருக்கும் இடம் தேனீக்கு அவ்வளவு முக்கியம்.

அப்படியானால் பெட்டியை நகர்த்தவே முடியாதா? முடியும். மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவது. இருட்டிய பிறகு, எல்லாத் தேனீக்களும் உள்ளே வந்ததும் நகர்த்த வேண்டும். ஒரு நாளைக்கு 3 அடிக்கு மேல் போகக் கூடாது. 2 அடி என்றால் இன்னும் நல்லது. வாசல் பார்க்கும் திசை மாறக் கூடாது. பெட்டியின் உயரமும் மாறக் கூடாது. மழை பெய்து தேனீக்கள் வெளியே பறக்காத நாளில் நகர்த்தக் கூடாது. அவை ஒரு நாளாவது பறந்து புது இடத்தைப் பழகிய பிறகே அடுத்த அடி.

இரண்டாவது வழி, தூரமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவது. பெட்டியை 3 கிலோமீட்டருக்கு அப்பால் உறவினர் வீட்டிலோ தோட்டத்திலோ வைக்க வேண்டும். இத்தாலியத் தேனீ அதிக தூரம் பறக்கும். அதற்கு 5 கிலோமீட்டர் வேண்டும். அங்கே பழைய அடையாளம் எதுவும் கண்ணில் படாது. தேனீக்கள் புதிதாக வழி பழகும். இரண்டு மூன்று வாரம் கழித்துப் பெட்டியைக் கொண்டுவந்து புங்க மரத்தடியில் வைக்கலாம்.

மூன்றாவது வழி அவசரத்துக்கு. பெட்டியை இரவில் புது இடத்தில் வைத்து, வாசலுக்கு முன்னால் இலை உள்ள கிளை ஒன்றைச் சாய்த்து வைக்க வேண்டும். வெளியே வரும் தேனீ தடுமாறும். ஏதோ மாறியிருக்கிறது என்று நின்று பார்த்து, இடத்தைப் புதிதாகப் பழகும். அப்படியும் சில தேனீக்கள் பழைய இடத்துக்குப் போகும். அங்கே ஓர் அடையோடு சிறு பெட்டி ஒன்றை வைத்திருந்தால் அதில் வந்து கூடும். பொழுது சாய்ந்ததும் அவற்றைத் தாய்ப் பெட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். சில நாள் இப்படிச் செய்ய வேண்டும். இந்த வழியில் கொஞ்சம் இழப்பு இருக்கும்.

நகர்த்தும்போது சில எச்சரிக்கைகள். பெட்டியைக் குலுக்கக் கூடாது. சட்டங்கள் ஆடினால் அடை உடையும், ராணி நசுங்கிவிடலாம். மேல்மூடியையும் அடிப்பலகையையும் கயிற்றால் கட்டிக்கொள்ள வேண்டும். தூரமாகக் கொண்டுபோகும்போது வாசலை அடைக்கலாம். ஆனால் காற்றுப் போக வலை வேண்டும். கோடையில் மூச்சுமுட்ட அடைத்தால் கூட்டம் முழுவதும் சாகும். தாங்கிக் கால்களின் கீழே உள்ள கிண்ணங்களில் உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும். இல்லையென்றால் எறும்பு ஏறும்.

ஹைதராபாத்தின் உயரமான கட்டிடங்களில் தொங்கும் பெரிய அடைகளையும் பலர் பார்த்திருப்பார்கள். அவை மலைத்தேனீயின் அடைகள். மலைத்தேனீ பெட்டியில் அடங்காது. இந்த வழிகள் அதற்கு உதவாது. அதைத் தீ வைத்துக் கொளுத்தவும் கூடாது. பருவம் மாறும்போது அதுவே இடம் மாறிப் போகும். அவசரம் என்றால் பயிற்சி பெற்றவர்களைத்தான் அழைக்க வேண்டும்.

மூன்று வழிகளில் செலவு இல்லாதது முதல் வழிதான். அதற்குப் பொறுமை வேண்டும். ஒரு நோட்டும் வேண்டும். 20 அடி தூரம். நாளுக்கு 2 அடி. மொத்தம் 10 நாள். ஒவ்வொரு இரவும் தேதியையும் அடியையும் எழுதி வைக்க வேண்டும். “முதல் நாள், 2 அடி. இரண்டாம் நாள், 4 அடி. மூன்றாம் நாள் மழை, நகர்த்தவில்லை.” வீட்டில் யார் நகர்த்தினாலும் நோட்டைப் பார்த்தால் கணக்குத் தெரியும். ஒரே இரவில் இரண்டு பேர் இரண்டு தடவை நகர்த்தும் தவறு நடக்காது. படித்த எழுத்து இங்கே தேனீயைக் காப்பாற்றுகிறது.

சித்திரை வெயில் வந்த பிறகு தவிப்பதைவிட மாசியிலேயே தொடங்குவது நல்லது. வேம்பும் புங்கும் பூக்கும்போது பெட்டி நிழலில் இருக்கும். பூவுக்குப் போன தேனீ வழி தவறாமல் வீடு திரும்பும்.